மூங்கில் குழாயில் விளைந்த தேறல்

ஆபீசில் ஒருநாள் வைன் டேஸ்டிங் நடத்தினார்கள். எந்தச் சீஸுக்கு எந்த வைன் என்று ஒருவர் வகுப்பெடுத்தார். எனக்கு வந்த சந்தேகம் வேறு: அம்மா வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கு எது சேரும்? அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்குப் போனபோது நாசிக்கில் தயாரான செனின் பிளாங் ஒரு பாட்டில் வாங்கிப் போனேன்.

அம்மா பாட்டிலைப் பார்த்தார். கத்தவில்லை. "சோத்துக்குப் பக்கத்துல அத வெக்காத கண்ணு" என்றார், அவ்வளவுதான். என் தாய்மாமன் சாராயத்தால் போனவர். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தட்டையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். முதல் வாய் குழம்புக்குப் பிறகு வைன் தண்ணீர் மாதிரி இருந்தது. காரணம் புளி. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம், புளியிலும் அதுவேதான், அதுவும் ஏராளமாக. சாப்பாட்டின் புளிப்பு வைனின் புளிப்பை மிஞ்சினால் வைன் செத்துவிடும். மிளகாய் எரிச்சலையோ ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும். நம் குழம்புக்குக் கொஞ்சம் இனிப்பான, ஆல்கஹால் குறைந்த பானம்தான் தாங்கும்.

இந்தப் பொருத்தத்தை ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது. பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழியில் என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் வருகிறது. மலைச் சிற்றூரில் மூங்கில் குழாய்க்குள் விளைந்த தேன் தேறல். அதன்மேல் நறவு. கூடவே சாப்பாடு: அருவி அடித்துக்கொண்டு வந்த பலாக்கொட்டை, கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, புளி, மோர், மூங்கிலரிசிச் சோறு. சமைப்பவள் தலையில் பூ வைத்த குறமகள். வீட்டுக்கு வீடு, சொந்தக்காரர்களைப் போல, போகவிடாமல் தடுத்து உபசரிப்பார்களாம். புளிக்கும் மோருக்கும் எதிரே தேனின் இனிப்பு! ஆபீசில் வகுப்பெடுத்தவர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

இது மலையில் மட்டுமல்ல. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, முளைகட்டிய தானிய மாவு சேர்த்து, சாடியில் புளிக்கவைத்து வடிக்கும் முறை ஏறக்குறைய ஒரு ரெசிப்பியாகவே இருக்கிறது. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். வீட்டிலேயே வடித்த நெல் மதுவுக்குத் தோப்பி என்று தனிப்பெயரும் உண்டு. இறக்குமதிச் சரக்கின் இடம் வேறு. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் குடித்ததாக நக்கீரர் பாடுகிறார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கக் கோஸ் தீவுப் பாணி ஜாடிகளும் உண்டு. அந்தத் தீவு கடல்நீர் கலந்த உப்பு வைனுக்குப் பேர்போனது. கருவாட்டுக்கு அது எப்படி இருந்திருக்குமோ!

பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூரின் தலைவன் மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் புகழும் விதத்தைப் பாருங்கள்: காலையிலேயே குடித்துவிட்டுத் தேரைத் தானம் செய்வது யாருக்கும் சுலபம், இவன் குடிக்காமலே கொடுக்கிறான் என்கிறார். போதையில் வரும் தாராளத்தை அன்றைக்கே நக்கலடித்திருக்கிறார்கள். இன்னொன்று, இன்று கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை) காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதே அவர்களுடைய வாய்மொழி வழக்கு. அந்தக் குறமகளிலிருந்து இவர்களுக்கு நேர்க்கோடு போடமுடியாது.

ஆனால் மது எப்போது சோற்றை விட்டுப் பிரிந்தது என்பதைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஓரளவு பார்க்கலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் அந்த மாவட்டம்தான். 1948-இல் மாகாணம் முழுக்க. 1971-இல் திறந்து, பிறகு மூடி, 1981-இல் திறந்து, 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி பூட்டு. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. இத்தனை திருப்பங்களிலும் கடைக்கு லைசென்ஸ் கிடைத்தது, பாட்டிலுக்கு லேபிள் கிடைத்தது. வீட்டுப் பானைக்கு மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.

பானை ஓடைக்கரைக்குப் போனது. வெல்லமும் வெள்வேலம்பட்டையும் கடுக்காயும் போட்ட ஊறலைப் போலீஸ் அழித்த செய்தி இல்லாமல் எங்கள் ஊர்ப் பேப்பர் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த ஊறல்கூட இல்லை, மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம். உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். பாக்கெட்டாக வாங்கி, பலர் வேலைக்குப் போகும் முன் வெறும் வயிற்றில், நின்றபடியே குடித்தது. அதில் சுவை பார்க்க என்ன இருக்கிறது?

ராத்திரி மலைபடுகடாம் பகுதியை அம்மாவுக்கு வாசித்துப் பொருள் சொன்னேன். பலாக்கொட்டை வந்ததும் தலையாட்டினார்.

"ஊட்டுப் பொம்பளதான் ஊத்திக் குடுத்தாளா?"

"மதுவும் சோறும் அந்த வீட்டுலயே கிடைக்கும்னுதாம்மா இருக்கு."

"அப்ப எவ்ளோ குடிக்கறான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மாமா எங்கே குடித்தார், யாரோடு குடித்தார் என்று கடைசிவரை தனக்குத் தெரியாது என்று சொன்னார். மாமாவைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.