உறங்கும் தசையா, இறந்த தசையா?

மாரடைப்புக்கு ஆளான பெரியவருக்கு பைபாஸ் அறுவை செய்யலாமா என்று ஒரு குடும்பம் கூடிப் பேசும்போது, அதற்குள் வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. அசைவற்றுப்போன இதயத் தசை இறந்துவிட்டதா, இரத்தம் போதாமல் உறங்குகிறதா? உறங்கும் தசை, இரத்தம் கிடைத்தால் மீண்டும் இயங்கக்கூடும்; இறந்த தசை மீளாது. இதைக் கண்டறியும் வழி பிறந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நல்லது.

இதயத் தசைக்கு உணவளிப்பது எது என்பதே ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. வலப்புற அறையிலுள்ள இரத்தமே என்றார் இப்னு சீனா. அவரது நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 13-ஆம் நூற்றாண்டில் விரிவுரை எழுதிய இப்னு அந்நபீஸ் அதை மறுத்து, இதயத்தின் சதைக்குள் பரவியுள்ள நாளங்களே உணவூட்டுகின்றன என்றார். அந்நாளங்கள் அடைபடுவதையே இன்று நாம் மாரடைப்பு என்கிறோம்.

அடைப்பினால் விளைந்த சேதத்தைக் காட்ட எம்.ஆர்.ஐ. கருவிக்குத் துணையாக வந்தது காடோலினியம் மருந்து. 1988-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. நரம்பில் செலுத்தப்படும் இம்மருந்து உயிருள்ள செல்களுக்குள் நுழையாது. இறந்த தசையிலும் தழும்பிலும் மிகுதியாகச் சேர்ந்து, மெதுவாகவே வெளியேறும். ஆகவே பத்து நிமிடம் அளவில் காத்திருந்து படமெடுக்கின்றனர்.

ஆயினும் தொடக்ககாலப் படங்களில் வேறுபாடு மங்கலாகவே தெரிந்தது. 1990-களின் இறுதியில் சிக்காகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தெளிவாக்கினர். நலமான தசையின் சமிக்ஞை பூச்சியமாகும் நொடிப்பொழுதைத் தேர்ந்து படமெடுத்தால், அது கருமையாகவும் தழும்பு வெண்மையாகவும் தோன்றும். அப்பொழுது ஆளுக்கு ஆள் மாறும். மருந்து வெளியேற வெளியேறவும் மாறும். அதைச் சரியாகக் கணிப்பதிலேயே படத்தின் தரம் இருக்கிறது.

2000-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. இரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின், வெண்மையே இல்லாதிருந்த 329 தசைப்பகுதிகளில் 256 நன்கு இயங்கத் தொடங்கின. முக்கால் பங்குக்கு மேல் வெளுத்திருந்த 58 பகுதிகளில் மீண்டது ஒன்றே ஒன்று.

2006-இல் ஓர் எச்சரிக்கையும் எழுந்தது. சிறுநீரகம் மிகவும் பழுதுற்றோருக்கு இவ்வகை மருந்துகள் சில, தோலை இறுகச்செய்யும் கொடிய நோயை உண்டாக்குவது தெரியவந்தது. பின்னர் பாதுகாப்பான வகைகள் முன்னுரிமை பெற்றன.

எனவே நம் வீட்டுப் பெரியவர்களை இப்பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது, சிறுநீரகக் குறைபாடு இருப்பின் முன்கூட்டியே சொல்வோம். படம் வந்தபின், "தசையில் எவ்வளவு உயிரோடிருக்கிறது?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்போம். அறுவையா, மருந்தா என்ற முடிவுக்கு அவ்விடை பெரிதும் உதவும்.