பட்டமும் கடனும்: அமெரிக்க இன ஆய்வியலின் வரலாறு நமக்கு உணர்த்துவது

“இந்தப் படிப்பைப் படித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?” பள்ளிக்கு வரும் பெற்றோர் நம்மிடம் தவறாது கேட்கும் வினா இது. வறுமையிற் பிறந்தோர் இவ்வாறு கேட்பதில் குற்றம் யாதுமில்லை, கேளாதிருத்தலே தவறாகும். ஆயின், கல்வியின் பயனை அளக்க இவ்வொரு வினா மட்டும் போதுமா? அமெரிக்க நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றைக் கல்லூரிப் பாடமாக்கிய வரலாறும், அப்பாடத்தைக் கற்ற அவர்தம் மக்கள் கடன் சுமக்க நேர்ந்த வரலாறும் இதற்கு விடை கூறுகின்றன.

கலிபோர்னியா மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் 1968 நவம்பர் 6ஆம் நாள் மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பர் மாணவர் சங்கமும், மெக்சிகோ வழியினர், ஆசிய வழியினர் ஆகியோரின் மாணவர் அமைப்புகளைக் கொண்ட மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் அதனை நடத்தின. தம் இனத்தவர் மிகுதியாகக் கல்லூரியிற் சேர்தல் வேண்டும், தம் முன்னோர் வரலாறும் இலக்கியமும் வாழ்நிலையும் பாடமாதல் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். காவற்படை வளாகத்துள் புகுந்தது, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். நான்கு திங்களுக்கு மேல் நீடித்த போராட்டம் 1969 மார்ச்சுத் திங்களில் உடன்பாட்டில் முடிந்தது. அவ்வாண்டே இன ஆய்வியலுக்கெனத் தனிப்புலம் அங்கே உருவாயிற்று. அடுத்த ஆண்டு, 1970இல், அம்மாநிலத்தின் சான்டியாகோ அரசுக் கல்லூரியில் மகளிரியல் தனிப் பாடத்திட்டமாக ஏற்கப்பெற்றது.

இவ்வெற்றி பெற்ற காலத்தை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற கலிபோர்னிய உயர்கல்விப் பெருந்திட்டம், மாநில மாணவரிடம் பயிற்றுக் கட்டணம் பெறலாகாது என்னும் பழைய கொள்கையை மீண்டும் உறுதி செய்திருந்தது. சிறு கட்டணங்களே தண்டப்பட்டன. ஆகவே, தன் இனத்தின் வரலாற்றைப் பயில விரும்பிய ஏழை மாணவன் அதன்பொருட்டுப் பெருங்கடன் வாங்க வேண்டிய நிலை அன்று இல்லை. இன்றோ அக்கல்லூரி ஓர் அரசுப் பல்கலைக்கழகம். மாநில மாணவர்க்கும் அங்கே ஆண்டுக் கட்டணம் 6,000 டாலருக்கு மேல். உணவும் உறையுளும் இதில் அடங்கா.

கடன் வந்த வழியும் நல்லெண்ணத்தில் தொடங்கியதே. குடியரசுத் தலைவர் லிண்டன் சான்சன், தாம் பயின்ற டெக்சாசுக் கல்லூரியிலேயே, 1965 நவம்பர் 8ஆம் நாள் உயர்கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இளமையில் மெக்சிகோ வழிவந்த ஏழைச் சிறுவர்க்கு ஆசிரியராயிருந்தவர் அவர். அச்சட்டம் உதவித்தொகையையும் அரசு பொறுப்பேற்கும் கடனையும் ஒருங்கே தந்தது. 1972இல் ஏழை மாணவர்க்கென நடுவணரசின் உதவித்தொகை ஏற்பட்டது. அது 1970களின் நடுவில் அரசுக் கல்லூரியிற் பயிலும் செலவில் முக்கால் பங்கை ஈடுசெய்தது. இந்நாளில் மூன்றிலொரு பங்கை ஈடுசெய்தலும் அரிது. உதவித்தொகை சுருங்கிய இடத்தைக் கடன் நிரப்பியது. கடன் தீர்க்க வழியற்று நொடித்துப்போனோருக்கு நீதிமன்றம் தரும் விடுதலையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக் கடனுக்கு ஐந்தாண்டு தடுத்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டம், மிகக் கொடிய இடர்ப்பாட்டை மெய்ப்பித்தாலன்றி விடுதலையே இல்லை என்றாக்கிற்று. இன்று நான்கு கோடிக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 1,70,000 கோடி டாலர் கல்விக் கடன் சுமக்கின்றனர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பெண்கள் தலைமேல் உள்ளது.

இனி ஊதியத்தை நோக்குவோம். இன ஆய்வியலும் மகளிரியலும் பயின்றோர் பொறியியல் பயின்றோரைவிடக் குறைவாகவே ஈட்டுகின்றனர். இதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் காரணம் யாது? அவர்களுட் பலர் ஆசிரியராகவும் சமூகப் பணியாளராகவும் நூலகராகவும் தொண்டு நிறுவன ஊழியராகவும் செல்கின்றனர். அப்பணிகளுக்கு ஊதியம் குறைவு. 2015இல் வெளிவந்த சார்ச்டவுன் பல்கலைக்கழக ஆய்வொன்று, பெட்ரோலியப் பொறியியல் பயின்றோர் ஆண்டுக்கு 1,36,000 டாலரும், மழலையர் கல்வி பயின்றோர் 39,000 டாலரும் பெறுவதாகக் காட்டியது. மழலைக்கு எழுத்தறிவிப்பவரின் பணி, எண்ணெய் எடுப்பவரின் பணியில் மூன்றிலொரு பங்குகூடப் பெறாது என்பதா இதன் பொருள்? சந்தை தரும் கூலி ஒன்று. பணியின் மதிப்பு வேறொன்று.

கடனும் பாடத்தால் மட்டும் பெருகுவதன்று. 2016இல் வெளிவந்த புரூக்கிங்சு நிறுவன ஆய்வின்படி, பட்டம் பெற்ற நாளில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே கடன் வேறுபாடு ஏறத்தாழ 7,400 டாலர்தான். நான்காண்டு கழித்துக் கறுப்பர் கடன் சராசரி ஏறத்தாழ 53,000 டாலர். வெள்ளையர் கடன் 28,000 டாலர். வட்டி ஏறியதும், மேற்படிப்புக்கு மீண்டும் கடன் வாங்கியதும் இதன் காரணங்கள். முன்னோர் தேடிவைத்த பொருள் உள்ளவன் கடனை விரைந்து அடைக்கிறான். முன்னோர் அடிமையாய் உழைத்தவனோ வட்டி கட்டுகிறான்.

2025 சூலை 4ஆம் நாள் ஒப்புதல் பெற்ற அமெரிக்கச் சட்டம், முதலில் கூறிய வினாவையே விதியாக்கியுள்ளது. ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றோரை ஊதிய வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவரின் ஊதியம் பள்ளியிறுதி மட்டும் தேறியவரின் நடு ஊதியத்திற்குக் கீழே மூவாண்டில் ஈராண்டு இருக்குமாயின், அப்பாடத்திற்கு நடுவணரசுக் கடன் கிடையாது. மாணவரை வீண்கடனினின்று காக்கும் நோக்கம் இதில் உண்டு. ஆயின், குறைந்த கூலியை உயர்த்தாமல் பாடத்தை நீக்கினால், செல்வர் வீட்டுப் பிள்ளை தன் பொருளில் அதனைப் பயில்வான். ஏழைக்கே கதவு அடையும்.

நம் தலைவர் அண்ணல் அம்பேத்கர் வாழ்வு இதற்குச் சான்றாகும். பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பொருளியல் பயின்ற அவர், 1916இல் அங்கே நடந்த மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். தம் மக்களின் நிலையைத் தாமே ஆராயும் கல்வி அதுவன்றோ! உதவித்தொகைக்கு ஈடாக 1917இல் பரோடா அரசுப் பணியேற்றார். உயர்பதவி இருந்தது, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பணியை விட்டு நீங்கினார். அவர் கற்ற பாடத்தில் என்ன குறை? குறை சமுதாயத்திலிருந்தது. அதனை ஊதியப் பட்டியல் காட்டாது.

ஆதலின் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. எப்படிப்பாயினும், சேருமுன் கட்டணம், வட்டி, தவணை, கிடைக்கும் பணி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கணக்கிடுக. உதவித்தொகை உள்ளவிடத்துக் கடன் வாங்கற்க. நம் கல்விக் கழகம் போன்ற அமைப்புகள், வரலாறும் சமூகவியலும் பயில விழையும் பிள்ளைக்கே முதலில் கைகொடுத்தல் வேண்டும். பொறியியல் மாணவனுக்குக் கடன் தர வங்கிகள் பல உள. தம் வரலாற்றைத் தாமே எழுதத் தெரியாத மக்களின் வரலாற்றைப் பிறர் எழுதுவர். அந்த இழப்பை எந்த ஊதியமும் ஈடுசெய்யாது.