வாரா வாரம் ஒரு குப்பி ரத்தம்

1975இல் பின்லாந்தில் புதிதாக விற்பனைக்கு வந்த ஒரு மாத்திரையைச் சாப்பிட்ட மனச்சிதைவு நோயாளிகள் எட்டுப் பேர் சில மாதங்களுக்குள் இறந்துபோனார்கள். அவர்களின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. சாதாரணத் தொற்றே எமனாக வந்தது. மாத்திரையின் பெயர் குளோசபின்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், வாண்டர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் பிறந்த மருந்து அது. அந்தக் காலத்து மனநோய் மருந்துகள் கைகளை நடுங்க வைக்கும், உடம்பை விறைக்க வைக்கும். குளோசபினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மகிழ வேண்டிய மருத்துவர்களோ சந்தேகப்பட்டார்கள்: உடம்பு விறைக்கவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறதா? விறைப்பையே குணமாக எண்ணிய காலம் அது.

பின்லாந்துச் சாவுகளுக்குப் பின் பல நாடுகள் மருந்தைக் கைவிட்டன. அதை மீட்டது 1988இல் அமெரிக்காவில் ஜான் கேனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு. வேறு எந்த மருந்துக்கும் அசையாத 268 பேர், ஆறு வாரம். பழைய மருந்தில் நூற்றுக்கு நான்கு பேர் தேறினார்கள், குளோசபினில் முப்பது பேர். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு அனுமதி தந்தது, ஒரு நிபந்தனையோடு: வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. முடிவு வராமல் மாத்திரை கிடையாது.

அமெரிக்காவில் மருந்தை விற்ற சாண்டோஸ் நிறுவனம் மருந்தையும் பரிசோதனையையும் ஒரே பொட்டலமாக்கி, ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 9,000 டாலர் விலை வைத்தது. அந்தப் பணத்தைக் கட்ட முடிந்த நோயாளி யார்? மாநில அரசுகள் நீதிமன்றம் போயின. 1991இல் பொட்டலம் பிரிந்தது. பிரிட்டனில் ரத்தப் பரிசோதனையை முதல் 18 வாரம் வாரந்தோறும், ஓராண்டு முடியும்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று வகுத்தார்கள். முடிவு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரும். சிவப்பு வந்தால் மருந்து உடனே நிற்கும்.

இதில் யாரும் திட்டமிடாத ஒரு நன்மை இருந்தது. ரத்தம் கொடுக்க வருகிறவரைச் செவிலியர் தவறாமல் பார்த்தார். தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி என்று நாலு வார்த்தை பேசினார்.

ஆனால் எல்லார் கண்ணும் வெள்ளை அணுக்களின் மேலேயே இருந்தது. மருந்தால் எடை ஏறியது, சர்க்கரை நோய் வந்தது. குடல் மந்தமாகி, மலச்சிக்கல் முற்றி உயிர் போனவர்களும் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் பத்து, இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இதய நோய். 2004இல்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து, எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார்கள். பிரிட்டனில் இதற்காகப் போராடிய குடும்ப மருத்துவர் ஹெலன் லெஸ்டர். அளந்து எழுதிவிட்டுப் போகாதீர்கள், சிகிச்சையும் கொடுங்கள் என்பது அவர் கட்சி. அங்கே பயன்படும் வழிகாட்டி அட்டை இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

ரத்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இயல்பாகவே வெள்ளை அணுக்கள் குறைவு. ரத்தத்தில் கோளாறு ஏதும் இல்லாமலே அவர்களுக்கு மருந்து மறுக்கப்பட்டது. அமெரிக்கா அவர்களுக்கெனத் தனி அளவுகோல் வகுத்தது 2015இல். முடிவைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் மருந்து என்ற கட்டாயத்தை 2025இல் அந்நாடு நீக்கியது. பரிசோதனையைத் தொடரும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரை மட்டும் இருக்கிறது.