வலைக்கருவி நிர்வாக மென்பொருள்

தொலைத்தொடர்பு வலையமைப்பின் இணைப்பகம், ஒளியிழைச் சாதனம், கோபுர நிலையம் முதலிய உறுப்புகளை நேரிற் செல்லாமலே கண்காணித்து ஆளும் மென்பொருள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எம்.3400 பரிந்துரை பழுது, அமைவடிவம், கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு என ஐவகைக் கருமங்களை வகுத்திருப்பினும், நடைமுறையில் பிரதானமானது பழுதறிதலே. பாரத் சஞ்சார் நிகமின் சென்னைத் தொலைபேசி வட்டத்தைச் சேர்ந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் சாலை தோண்டும் இயந்திரம் ஓர் ஒளியிழையை அறுத்துவிட்டால், அதன் இரு முனைச் சாதனங்களும் ஒளி வரவில்லையென முறையிட, அவற்றை நம்பியிருந்த கோபுரங்கள் யாவும் ஏககாலத்தில் அபாய அறிவிப்பை அனுப்ப, திரையெங்கும் சிவந்துபோகும் அந்நேரத்தில், விளைவுகளை ஒதுக்கி மூலகாரணத்தை மட்டும் பிரித்துக் காட்டுவதே நல்ல மென்பொருளின் லட்சணம். மின்தடையின்போது 48 வோல்ட் மின்கல அடுக்கின் அழுத்தம் இறங்குவதையும் அது முன்னரே எச்சரிக்கும். அவ்வைவகையுள் கணக்கு என்பதோ இங்குப் பெரும்பாலும் பெயரளவிற்றான். உற்பத்தியாளர்தோறும் மென்பொருள் வேறுபடுவதால், அனைத்தையும் ஒருங்கே காண மேலடுக்கில் வலையமைப்பு நிர்வாக மென்பொருள் வேண்டப்படுகிறது.