கூலி

திட்டக்குடிப் பக்கம் வெள்ளாற்றங்கரை வயலில் ‘நடவுக்குக் கூலி எவ்வளவு?’ என்றால் கேட்பது பணத்தை. வேலை செய்பவர் கூலியாள். திருக்குறளிலும் (619) இச்சொல் உழைப்புக்குக் கிடைக்கும் பலனையே குறிக்கிறது. ஆங்கிலேயர் வாயில் அது ஆளையே சுட்டும் பெயராகிவிட்டது. குஜராத்தின் ‘கோலி’ இனப்பெயரே அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் என்பாரும் உண்டு. எனக்குத் தமிழ்மூலமே பொருத்தமாகப் படுகிறது.

அந்தப் பெயர் கடல் கடந்தும் போனது. தென் அமெரிக்காவின் கயானாவுக்கு 1838 முதல் 1917 வரை கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 2,39,000 இந்தியர் கப்பலேறினர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் போனார்கள். அவர்களுக்கு அங்கே ‘மதராசி’ என்று தனிப்பெயர். மாரியம்மன் வழிபாடு அவர்கள் கொண்டுபோனதுதான். எல்லாருக்கும் பொதுவாக விழுந்த பட்டம் ‘கூலி’. அங்கே அது வசைச்சொல். கயானாக்காரரிடம் பேசும்போது பார்த்துச் சொல்லுங்கள்.