ஆளில்லாத ஆலை: ஷீலரின் ரூஜ் ஓவியங்களும் அமெரிக்க நவீனத்துவமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழில் நகரங்களை வரைந்தவர்கள் தொழிலாளியையும் சேர்த்தே வரைந்தார்கள். இத்தாலியிலிருந்து குடியேறிய ஜோசப் ஸ்டெல்லா 1908இல் ஒரு சமூக ஆய்வு இதழுக்காகப் பிட்ஸ்பர்க் தொழிலாளரின் முகங்களைக் கரிக்கோலால் தீட்டினார். அவரே 1919-20இல் வரைந்த ‘புரூக்ளின் பாலம்’ ஓவியத்திலோ எஃகு வடங்களும் வளைவுகளும் ஒளியும்தான் நிற்கின்றன. உழைப்பவர் ஓவியத்திலிருந்து எவ்வாறு விலகினார் என்பதைச் சார்லஸ் ஷீலரின் (1883-1965) படைப்புகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இம்மாற்றத்தின் முதல் காரணம் கியூபிசம். 1913இல் நியூயார்க்கில் நடந்த ஆர்மரி கண்காட்சி, பொருள்களை அடிப்படை வடிவங்களாகக் காணும் ஐரோப்பிய முறையை அமெரிக்கரிடையே பரப்பியது. அந்தப் பார்வைக்கு உருளையும் கூம்புமாக நின்ற ஆலைக் கட்டடங்கள் இயல்பாகவே பொருந்தின. சார்லஸ் டிமுத் தம் சொந்த ஊரான லங்காஸ்டரின் தானியக் குதிர்களை வரைந்து ‘என் எகிப்து’ (1927) என்று பெயரிட்டார். எல்ஸி டிரிக்ஸ் ‘பிட்ஸ்பர்க்’ (1927) ஓவியத்தில் எஃகு ஆலையின் கரிய புகைபோக்கிகளை மட்டும் நிறுத்தினார். இப்போக்கு பிரிசிஷனிசம் எனப்பட்டது.

இரண்டாம் காரணம் கேமரா. ஷீலர் ஓவியராக இருந்துகொண்டே புகைப்படத்தால் பிழைத்தவர். ஃபோர்டு நிறுவனம் மாடல் ஏ காரை அறிமுகப்படுத்திய 1927இல், அதன் விளம்பர முகமையான என். டபிள்யூ. அயர், மிச்சிகனிலுள்ள ரிவர் ரூஜ் ஆலையைப் படமெடுக்க அவரை அனுப்பியது. ஏறத்தாழ 75,000 பேர் வேலைபார்த்த அந்த ஆலையில் அவர் ஆறு வாரங்கள் தங்கிப் படமெடுத்தார். புகைப்படங்கள் சிலவற்றில் இயந்திரத்தருகே தொழிலாளர் நிற்கிறார்கள். ஆனால், ‘அமெரிக்க நிலக்காட்சி’ (1930), ‘செவ்வியல் நிலக்காட்சி’ (1931) ஆகிய ஓவியங்களுக்கு அவர் எடுத்துக்கொண்டவை ஆலையின் வெளிப்புறத் தோற்றங்கள்.

முதல் ஓவியத்தில் அசைவற்ற நீர். அதில் கட்டடங்களின் நிழல். கரையோரம் சரக்கு ரயில். புகைபோக்கியிலிருந்து எழும் புகை மேகத்தோடு கலக்கிறது. தண்டவாளத்தின் நடுவே ஒரேயொரு மனித உருவம், தேடினால்தான் அகப்படும். தூரிகைத் தடமும் தெரியாதபடி வழவழப்பாகத் தீட்டியிருக்கிறார் ஷீலர். ஆலைத் தொழிலாளியின் உழைப்போடு ஓவியரின் கையுழைப்பும் இங்கே மறைக்கப்படுகிறது.

1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தோர் இந்த ஆலையை நோக்கிப் பேரணியாகச் சென்றபோது காவலர்களும் ஃபோர்டின் பாதுகாவலர்களும் சுட்டதில் நால்வர் மாண்டனர். காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார். அதே ஆண்டில் ஷீலர் தீட்டிய ‘ரிவர் ரூஜ் ஆலை’ அமைதி தவழும் காட்சி.

தொழிலாளர் இவ்வாறு ஓவியத்திலிருந்து மறைந்ததற்கு ஃபோர்டின் பணம்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஃபோர்டு நிறுவனத் தலைவர் எட்செல் ஃபோர்டின் நிதியில் மெக்சிகோ ஓவியர் டீகோ ரிவேரா 1932-33இல் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் வரைந்த 27 சுவரோவியத் தொகுதிகளில் இதே ஆலைத் தொழிலாளர் முதுகு வளைத்து இழுக்கிறார்கள், தூக்குகிறார்கள், வியர்க்கிறார்கள். ரிவேரா ஆலைக்குள் நடக்கும் வேலையை வரைந்தார். ஷீலர் விளம்பரத்துக்கெனப் போன இடத்தில், உற்பத்திக்கு வெளியே நின்ற வடிவத்தை எடுத்துக்கொண்டார். பிரிசிஷனிசத்தின் அழகு உண்மையானது. ஆனால் அது எதை விலக்கிப் பெற்ற அழகு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் காலத்தின் கலை வரலாறு முழுமை பெறும்.