எலியா நகரத்துச் சீனோவின் இயக்கமறுப்பு

ஓடுவான் ஓடுதலையும் எய்த அம்பு பாய்தலையும் யாவரும் கண்ணாற் காண்கின்றோம். காட்சியிற் புலனாயதொன்றை இல்லையென்பாரை உலகம் நகைக்கும். அந்நகைப்பிற்கு அஞ்சாது, இற்றைக்கு ஏறக்குறைய 2,450 ஆண்டுகளுக்கு முன் இயக்கமென்பதொன்று பொருந்தாதென வாதித்தவர் சீனோ என்னும் யவன தத்துவஞானி. அவர்தம் வாதத்தையும் அது மறுக்கப்பட்ட முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சின்ன ஆசியாவின் மேல்கரைக்கண்ணதாகிய போக்கையா நகரத்தார், பாரசீகர் படையெடுப்பிற்கு அஞ்சிக் கடல்கடந்து போந்து, கி. மு. 540-ஐ அடுத்துத் தென் இத்தாலியில் எலியா என்னும் நகரை அமைத்தனர். ஆண்டுத் தோன்றிய பார்மெனிதீஸ், உள்பொருள் ஒன்றே, அது தோன்றாது, அழியாது, மாறாது, அசையாது என நிறுவினார். அவர்தம் மாணவரே கி. மு. 490 அளவிற் பிறந்த சீனோ. பொருள் ஒன்றாயின் பல இழுக்குண்டாமெனச் சிலர் ஆசிரியரை எள்ளினராக, பலவென்பார்க்கு அதனினும் பெரிய இழுக்குண்டாமெனக் காட்டவே தாம் இளமையில் நூலெழுதியதாகச் சீனோ கூறுவதாய்ப் பிளாட்டோ தம் உரையாடலொன்றில் அமைத்துள்ளார்.

அந்நூல் இறந்துபட்டது. இயக்கத்தைப் பற்றிய அவர் வாதங்கள் நான்கினை அரிஸ்டாட்டில் தம் இயற்கைநூலின் ஆறாம் பகுதியில் எடுத்தோதி மறுத்துள்ளார். அவற்றுள் மூன்று வருமாறு:

வழிச்செல்வான் முழுத்தொலைவையும் கடக்குமுன் பாதி கடத்தல் வேண்டும். எஞ்சியதிற் பாதியும், அதில் எஞ்சியதிற் பாதியும் கடத்தல் வேண்டும். பாதிகட்கு முடிவின்மையின் அவன் எல்லை சேரான்.

விரைந்தோடும் வீரனாகிய அக்கிலிஸ், முன்சென்ற ஆமையைப் பிடியான். ஆமை நின்ற இடத்தை அவன் அடையுங்கால் அது சிறிது முன்சென்றிருக்குமாகலின் என்க. ஆமை என்றது பிற்காலத்தார் உரை. அரிஸ்டாட்டில் மிக மெல்ல ஓடுவதென்றே கூறினார்.

பாயும் அம்பு ஒவ்வொரு கணத்தும் தன்னளவாகிய இடத்தே உளது. தன்னளவாகிய இடத்தே இருப்பது நிற்பதாம். எனவே அம்பு எக்கணத்தும் நிற்கின்றது.

அற்றேல், ஒருவன் எழுந்து நடந்துகாட்டின் இவ்வாதம் வீழாதோவெனின், வீழாது. பிற்காலத்து டயோஜெனீஸ் என்னும் துறவி, இயக்கமில்லை என்றானொருவன்முன் அங்ஙனமே எழுந்து நடந்தனரென்ப. நடத்தல் கண்ணுக்குத் தோன்றுதலைச் சீனோ மறுத்திலர். அத்தோற்றம் அறிவிற்கு ஒக்குமோ என்பதே அவர் வினா. காட்சி கொண்டு அனுமானத்தை மறுப்பார், அவ்வனுமானத்தின்கண் வழு யாண்டுளதெனக் காட்டுங் கடப்பாடுடையர்.

அக்கடப்பாட்டை அரிஸ்டாட்டில் மேற்கொண்டார். தொலைவு முடிவின்றிப் பகுபடுமாயின் காலமும் அங்ஙனமே பகுபடுமென்பது அவர் முதல் விடை. காலம் பகாக்கணங்களால் ஆயதன்றென்பது அம்பு வாதத்திற்கு விடை. எட்டாம் பகுதியிலோ, அம்முதல் விடை வினாவினார்க்குப் போதுமேனும் உண்மைக்குப் போதாதெனத் தாமே கூறி, முடிவிலாப் பகுப்பு ஆற்றலளவில் உள்ளதேயன்றிச் செயலளவில் உள்ளதன்றென மேலும் விளக்கினார்.

முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகை யாதென்பதைப் பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-இல் வெளியிட்ட நூலில் வரையறுத்தார். ஆமை 100 கெசம் முன்னிற்க, அக்கிலிஸ் அதனிற் பதின்மடங்கு விரைவினனாயின், 100, 10, 1 எனக் குறைந்து செல்லும் தொடர் 111 கெசமும் ஒரு கெசத்தின் ஒன்பதிலொரு பங்குமாய் அடங்கும். அவ்விடத்தே அவன் ஆமையைப் பிடிப்பான். பிடிக்கும் இடத்தைக் கணிதம் கூறிற்று. முடிவிலாச் செயல்கள் எங்ஙனம் முடிவுபெற்றன என்னும் வினாவைத் தத்துவ நூலார் இன்றும் ஆராய்கின்றனர்.

ஆசிரியரை எள்ளினார்க்கு வசைமொழியால் விடைகூறாது, அவர்தம் கொள்கையையே கொண்டு அதன் முடிவு இதுவெனக் காட்டினார் சீனோ. அவர் வாதத்தைத் திரியாது எடுத்துரைத்து, தம் விடையின் குறையையும் மறையாது மொழிந்தார் அரிஸ்டாட்டில். மறுக்கப்பட்டவர் நூல் மறைந்தும் அவர் வாதம் நிலைபெற்றது மறுத்தவர் நூலினாலன்றோ! பரபக்கம் கூறப்புகுவார் யாவரும் நெஞ்சிற் கொள்ளத்தக்கது இந்நேர்மையேயாம்.